இட்லிச் சட்டியில் அறுபது ஜிபி

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, லண்டனில் மிச்சம் என்ற ஊரில் என் கடையின் பின்னறையில் இருந்தவர்கள் இவர்கள்: நான். என் மனைவி ரதி. ரதியின் தம்பி குகன், கல்யாண வீடியோ எடுப்பவன், தன்னைக் கலைஞன் என்று நம்புகிறவன். எங்கள் மேல்மாடியில் வாடகைக்கு இருந்த கார்த்திக், கோயம்புத்தூர்க்காரர், ஒரு வங்கியில் கொம்பியூட்டர் வேலை. தலை நிறையச் சுருள் கிளிப்புகளோடு சரோ அக்கா, அன்றைய மணப்பெண்ணின் தாய். ஆறாவது ஆள் சரோ அக்காவின் கணவர் நடராசா அண்ணை. அவர் காலமாகி அப்போது நாலு வருடம். டெக்குக்குள் இருந்தார்.

டெக் என்றால், பழைய வீடியோ கசெட்டை விழுங்கி ரீவியில் காட்டுகிற பெட்டி. ஓடுகிற நிலையில் என்னிடம் மூன்று இருக்கின்றன. ஒன்று பழுதானால் என்ன செய்வது என்று இரண்டாவதை வாங்கினேன். இரண்டாவதும் பழுதானால் என்று யோசித்து நித்திரை கெட்டு மூன்றாவதை வாங்கினேன். என் குணம் அப்படி. இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு இது தெரியும். புதிதாக வந்தவர்கள் இந்த இடத்தில் பிடித்துக்கொள்ளலாம்.

கடையின் முன்பக்கத்தில் பால், பாண் ரொட்டி, மரக்கறி. பின்னறையில் சனங்களின் பழைய கசெட்டுகளை டிஸ்க்கில் ஏற்றிக் கொடுக்கும் தொழில். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் இந்த வேலைக்கு எப்படி வந்தான் என்று கேட்பார்கள். பள்ளிக்கூடத்தில் கசெட் ஏற்றச் சொல்லித் தரவில்லை. ஆகவே நட்டம் ஒன்றும் இல்லை.

நடராசா அண்ணைதான் எங்கள் வட்டாரத்தில் முதன்முதல் வீடியோ கமெரா வாங்கியவர். பிறந்தநாள், சாமத்தியவீடு, முதல் பனி, பக்கத்து வீட்டுப் பூனை, ஒன்றையும் அவர் விடவில்லை. எல்லாவற்றையும் தானே எடுத்தபடியால் ஒன்றிலும் அவர் இல்லை. பெட்டி பெட்டியாகக் கசெட் இருந்தும் மனிதரின் முகம் ஒரு மூலையில்கூடக் கிடையாது. குரல் மட்டும் இருக்கிறது. "இஞ்சாலை பார். சிரி. சிரிக்காட்டி விடமாட்டன்" என்று கமெராவுக்குப் பின்னாலிருந்து அதட்டிக்கொண்டே இருப்பார்.

அதில் ஒரு கசெட்டில் மகள் துஷா முதன்முதலாக நடக்கிறாள். தடித்த காப்பெட் கம்பளத்தில் ஸோபாவைப் பிடித்துக்கொண்டு எழும்புகிறாள், யோசிக்கிறாள். அண்ணையின் குரல் கேட்கிறது: "வா... வா... அப்பாட்டை வா. பயப்பிடாதை, விழமாட்டாய். விழுந்தாலும் காப்பெட்தான்."

முதல்நாள் கோயிலில் தாலிகட்டு முடிந்துவிட்டது. ஞாயிறு பின்னேரம் கிழக்கு லண்டனில் அப்டன் பார்க் பக்கம் ஒரு ஹோலில் ரிசெப்ஷன். பெண்ணைத் தகப்பன் கைபிடித்து உள்ளே கூட்டி வரவேண்டும். தாய்மாமன் தான் வருவதாகச் சொல்லிப் புது கோட் சூட்டும் தைத்துவிட்டார். துஷா வேண்டாம் என்றுவிட்டாள்.

"தனியத்தான் நடப்பாளாம்," என்றார் சரோ அக்கா. "கதவடியிலை நிப்பாளாம். அப்பா 'வா' எண்டு கூப்பிட்டாத்தான் உள்ளுக்கு வருவாளாம். தம்பி, படம் எப்பிடியெண்டாலும் பறவாயில்லை. எனக்கு அவரின்ரை குரல் கேக்கவேணும். நாலரைக்கு முன்னம் கேக்கவேணும். பிறகு ராகு காலம்."

கார்த்திக் மெல்ல வாயைத் திறந்தார். "அக்கா, லண்டனுக்கு ராகு காலம் வேறங்க. இங்க சூரிய உதயம் பார்த்துத்தான்..."

"தம்பி, கலண்டரிலை நாலரை எண்டு கிடக்கு. ராகுவுக்கு லண்டன் நேரம் ஆர் சொல்லிக் குடுத்தது?"

சரோ அக்கா கிளிப்புகள் குலுங்க ஹோலுக்குப் புறப்பட்டுப் போனார்.

கலைஞனின் அறுபது

அந்தக் கசெட்டுகளிலிருந்து ரிசெப்ஷனுக்காகக் குகன் தொகுத்த படம் அதுவரை முடியவில்லை என்று யாரும் பதற வேண்டாம். பதறுவதற்கு நான் இருந்தேன். குகன் எந்தப் படத்தையும் அந்தந்த நாள் காலையில்தான் முடிப்பான். எட்டரை மணிக்குக் கண் சிவக்க நிமிர்ந்து, "அத்தான், வந்து பாருங்கோ" என்றான்.

பத்து நிமிடப் படம். பிறந்ததிலிருந்து பட்டம் வாங்கியது வரை துஷா, கடைசியில் முதல் நடை. நன்றாகத்தான் இருந்தது. நான் அந்தக் கோப்பின் அளவைப் பார்த்தேன். அறுபது ஜிபி.

"என்னடா இது? பத்து நிமிசத்துக்கு அறுபதோ?"

"ஃபோர் கே அத்தான். ஒரு துளி அமுக்கேல்லை. மாப்பிள்ளை வீட்டார் ட்ரோன் விட்டுப் படம் எடுத்திருக்கினம். நாங்கள் குறைஞ்சு போறதோ?"

கார்த்திக் சொன்னார்: "குகன், சோர்ஸே பழைய கசெட். அதுல அவ்வளவு விவரமே கிடையாது. கம்ப்ரஸ் பண்ணிடலாம்பா. ஐந்நூறு எம்பில அடங்கிடும்."

குகனின் முகம் போன போக்கைப் பார்த்தால், அவன் பெற்ற பிள்ளையின் காலை வெட்டலாமா என்று கேட்டதுபோல் இருந்தது. "நான் அமுக்கமாட்டன்." மேலும், என் பழைய கொம்பியூட்டரில் மறுபடி அடித்தெடுக்க அஞ்சு மணித்தியாலம் பிடிக்கும் என்றான். அது உண்மை. அந்தக் கொம்பியூட்டரைப் புதுப்பிக்காமல் வைத்திருந்தது நான். ஆகவே அமுக்கச் சொல்ல எனக்கு வாய் இல்லை.

நடந்தது இதுதான்: ஒரு சொட்டுத் தண்ணியை எடுத்து ஒரு பவுசர் லொறியில் ஊற்றி, "பவுசரை எப்படிக் கிழக்கு லண்டனுக்குக் கொண்டு போவது" என்று நாலு பேர் நின்று யோசித்தோம்.

தேத்தண்ணிக் கணக்கு

இந்த இடத்தில் என்னுடைய அளவுமுறையைச் சொல்லிவிட வேண்டும். மெகா, கிகா எல்லாம் எனக்குப் பின்னாளில் வந்தவை. ஒரு சாமான் ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போய்ச் சேர எத்தனை தேத்தண்ணி குடிக்க வேண்டியிருக்கிறது என்றுதான் நான் பார்ப்பேன்.

கடை தொடங்கிய காலத்தில் ஃபாக்ஸ் மெஷின் இருந்தது. ஒரு பக்கம் அனுப்ப அரைத் தேத்தண்ணி. எங்கள் ஆட்கள் ஃபாக்ஸில் அனுப்பியது பெரும்பாலும் சாதகம்தான். கனடாவிலிருந்து ஒரு பெடியனின் சாதகம் வந்தது. ஏழாம் வீட்டில் செவ்வாய். பெண்ணின் தாய் அதைப் பார்த்துவிட்டு மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "வீட்டுக்காரர் வந்து பாக்கட்டும்" என்று கடையிலேயே விட்டுப் போனார். அந்தச் சுருள் தாளுக்கு வெயில் ஆகாது, எழுத்து மங்கிவிடும். யன்னலோரம் இரண்டு கிழமை கிடந்தது. வீட்டுக்காரர் வந்து எடுத்துப் பார்த்தபோது தடித்த கோட்டுப் பெட்டிகள் மட்டும்தான் இருந்தன, கிரகம் ஒன்றும் இல்லை. மனுசன் அதைப் பார்த்து, "தோசமே இல்லாத சாதகம்" என்று முடிவு கட்டிவிட்டார். இப்போது அவர்களுக்கு மூன்று பிள்ளைகள்.

பிறகு மொடம் வந்தது. அட்டைப்பெட்டியில் வேகம் ஐம்பத்தாறு என்று பெரிதாகப் போட்டிருக்கும். நான் நாற்பத்தைந்தைத் தாண்டிக் கண்டதில்லை. அது கீச்சுக் கீச்சென்று கத்தி லைன் பிடிக்கிற சத்தத்துக்கே எனக்குக் கை வேர்க்கும். மாப்பிள்ளையின் ஒரு படம் இறங்க ஒரு முழுத் தேத்தண்ணி. மேலிருந்து கீழே கோடு கோடாக வரும். பெண் வீட்டார் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். முதலில் நெற்றி. நெற்றி வந்தது, இன்னும் நெற்றி வந்தது, தொடர்ந்து நெற்றியே வந்துகொண்டிருந்தது. புருவம் வருவதற்குள் அந்தப் பெண்பிள்ளை, "அம்மா, எழும்புங்கோ, வீட்டை போவம்" என்றாள்.

பாதிப் படத்தில் மேலே வீட்டில் ரதி அதே லைனில் போனை எடுத்தால் முழுவதும் அறுந்துவிடும். எங்கள் மணவாழ்க்கையின் பெரிய சண்டைகளில் பாதி இப்படி வந்தவை.

சீடி அடிக்கும் மெஷின் அதைவிட மோசம். மூன்று தேத்தண்ணி, அதுவும் நின்றுகொண்டே. அடிக்கும்போது சிறிது ஆட்டம் கண்டாலும் சீடி செத்துவிடும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். கடையின் தரை பலகைத் தரை. ஆகவே நான் "அடிக்கப்போறன்" என்று கத்தியதும் ரதி, பிள்ளைகள், மரக்கறி வாங்க வந்த சனம், எல்லோரும் நின்ற இடத்தில் நிற்கவேண்டும். ஒரு வெள்ளைக்காரக் கிழவர் பாணைக் கையில் பிடித்தபடி மூன்று தேத்தண்ணி நேரம் அசையாமல் நின்றார். மௌன அஞ்சலி என்று நினைத்தாராம். போகும்போது அனுதாபம் சொல்லிவிட்டுப் போனார்.

இவை எல்லாவற்றிலும் நேர்மையானது கசெட்தான். மூன்று மணித்தியாலம் எடுத்ததை ஏற்ற மூன்று மணித்தியாலம் வேண்டும். குறைக்க முடியாது, கூட்டவும் முடியாது. "இன்னும் பதினாலு நிமிடம்" என்று சொல்லிவிட்டு ஒரு மணித்தியாலம் ஏமாற்றுகிற வேலை அதனிடம் இல்லை.

பந்தயம்

இனி அறுபது ஜிபிக்கு வருவோம். கார்த்திக் துண்டுத் தாளில் கணக்குப் போட்டார். பழைய ஃப்ளொப்பியில் போட்டால் நாற்பதாயிரத்துக்கு மேல் வேண்டும். ("ஆர் லேபல் ஒட்டுறது?" என்றாள் ரதி.) பழைய மொடத்தில் அனுப்பினால் நாலு மாதம். ("அதுக்குள்ளை நான் ஒருக்காப் போன் எடுப்பன்," என்றாள் மறுபடியும்.) கடையின் பிராட்பேண்டில் கிட்டத்தட்ட ஆறு நாள்.

"ஏன் ஆறு நாள்? மாதம் மாதம் காசு கட்டுறன். வேகம் எண்டல்லோ விளம்பரம் போடுறான்?"

"அண்ணா, விளம்பரத்துல போடுறது உள்ளே வர்ற வேகம். வெளியே போறது வேற, கம்மி. அதுவும் அவங்க சொல்றது பிட்டுல, நமக்கு வேணுங்கிறது பைட்டுல. எட்டால வகுக்கணும்."

மிளகாயை எண்ணிப் பார்த்து விற்று, வீட்டில் நிறுத்துச் சமைக்கச் சொல்வதுபோல. எட்டாம் வாய்ப்பாடு வரை நானும் படித்தவன்தான். மனதில் வகுத்துப் பார்த்தேன்.

கார்த்திக்கிடம் வழி இருந்தது. அவருடைய போனில் நல்ல சிக்னல். இப்போது தொடங்கினால் பின்னேரம் மூன்றரைக்குள் இணையத்தில் ஏறிவிடும், ஹோலில் இறக்கிக்கொள்ளலாம் என்றார்.

எனக்குக் காற்றில் போகிற சாமானில் நம்பிக்கை இல்லை. "நான் டிஸ்க்கிலை போட்டுக் கையிலை கொண்டு போறன்."

"எப்படிண்ணா போவீங்க?"

நல்ல கேள்வி. குகனின் வான் வண்டி வருடாந்த எம்ஓடி சோதனையில் பெயிலாகிக் கராஜில் கிடந்தது. நான் கார் ஓடுவதில்லை. ஒருமுறை ஓடினேன், ஒரு ரவுண்டபௌட்டைச் சுற்றத் தொடங்கி, எதால் வெளியே போவது என்று முடிவெடுக்க முடியாமல் சுற்றிக்கொண்டே இருந்தேன். அதைப் பற்றி முன்பே எழுதிவிட்டேன். ஆகவே டிராம், அதன் பிறகு ரயில்.

கார்த்திக் மறுபடி எழுதினார். எழுதிவிட்டுத் தாளை உற்றுப் பார்த்தார். "அண்ணா, ரெண்டு மணி நேரத்துல நீங்க போய்ட்டீங்கன்னா, உங்க டிராம் என் போனைவிட மூணு மடங்கு வேகம்."

"ரெண்டு டிஸ்க் கொண்டு போனால் ஆறு மடங்கோ?"

"அது அதே டேட்டாண்ணா."

அங்கேதான் பந்தயம் வந்தது. யார் முதலில் படத்தை ஹோலில் ஓடவிடுகிறாரோ அவருக்கு மற்றவர் பத்துப் பவுண் காசு. ரதி தேத்தண்ணிக் கோப்பைகளை அடுக்கியபடி, "ரெண்டு பேரும் தோப்பியள். நான் அதுக்குக் கட்டுறன். தோத்தால் ஆளுக்குப் பத்து எனக்கு" என்றாள்.

"அப்ப படம் எப்பிடிப் போய்ச் சேரும்?"

"அது எனக்குத் தெரியாது. உங்கள் ரெண்டு பேரையும் எனக்குத் தெரியும்."

சட்டியோடு ஒரு பயணம்

டிராமின் வேகத்தைக் கணக்கில் எடுத்தோம். டிராமில் ஏற்றுவதற்கு முன் டிஸ்க்கில் ஏற்றவேண்டும் என்பதை எடுக்கவில்லை. ஒரு டிஸ்க்கோடு விட்டிருந்தால் பிழைத்திருப்பேன். ஒன்று விழுந்தால்? இரண்டாவது. இரண்டும் விழுந்தால்? மூன்றாவது. நேரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று மூன்றையும் ஒரே நேரத்தில் செருகினேன். ஒரு வாய்க்காலை மூன்றாக வெட்டினால் மூன்றிலும் தண்ணி மெதுவாகத்தான் ஓடும். கொம்பியூட்டர், இன்னும் பதினாலு நிமிடம் என்றது. பிறகு மூன்று மணித்தியாலம் என்றது. பிறகு ஒன்பது நிமிடம் என்றது. நான் வைத்தியசாலை நடைபாதையில் நிற்கிறவன்போல அதன் முன்னால் நின்றேன்.

இரண்டு முடிந்ததும் மூன்றாவதை அப்படியே விட்டுப் புறப்பட்டேன். ஒன்று ஜக்கெட்டின் உட்பையில். மற்றது இட்லிச் சட்டியில், துவாயில் சுற்றி, மூடி போட்டு. ரயில் மோட்டரில் பெரிய காந்தம் இருக்கிறது, டிஸ்க்கை அழித்துவிடும் என்பது என் பயம்.

"அலுமினியம் காந்தத்தைத் தடுக்காதுண்ணா."

"தடுக்காட்டிப் போகட்டும். மூடி இருக்கல்லோ."

ரதிக்கு அது ஊரிலிருந்து வந்த புதுச் சட்டி. சட்டியை ஒருமுறை பார்த்தாள், என்னை ஒருமுறை பார்த்தாள். அவ்வளவுதான்.

டிராமில் இடம் கிடைத்தது. விம்பிள்டனில் ரயில் மாறினேன். சட்டி மடியில். சந்தேகத்துக்கிடமான பொருளைக் கண்டால் உடனே அறிவிக்கும்படி ஒலிபெருக்கி சொன்னது. பெட்டியில் இருந்தவர்கள் எல்லோரும் ஒருமுறை என் மடியைப் பார்த்தார்கள். என் வயதில் ஒரு மண்ணிற ஆள், மூடிய உலோகச் சட்டியைக் கட்டிப்பிடித்தபடி, முகமெல்லாம் வேர்வையோடு, உதடு முணுமுணுக்க உட்கார்ந்திருந்தால் நானே அறிவித்திருப்பேன். எதிரே இருந்த பெண் என்னவென்று கேட்டார். திறந்து காட்டினால் வயரோடு டிஸ்க். அது இன்னும் மோசம். "சாப்பாடு," என்றேன். என்ன சாப்பாடு என்று கேட்டார். இட்லி செய்வது எப்படி என்று இரண்டு ஸ்டேஷன் தூரத்துக்கு விளக்கினேன். அவர் குறித்தும் வைத்துக்கொண்டார். உளுந்தின் அளவைப் பயத்தில் பிழையாகச் சொல்லிவிட்டேன் என்று இன்றும் கவலைப்படுகிறேன்.

பாதி வழியில் ரயில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை, பாதையில் வேலை. மீதித் தூரத்துக்கு மாற்று பஸ். அந்த பஸ்ஸின் வேகத்துக்குப் பழைய ஃபாக்ஸ் தேவலாம்.

ஒரு கால் அந்தரத்தில்

ஹோலுக்குள் நான் ஓடி நுழைந்தபோது நாலு மணிக்குக் கொஞ்சம் இருந்தது. நானூறு பேர், பூ வாசம், பொரித்த ரோல்ஸ் வாசம். மேடையில் மாப்பிள்ளை தனியே உட்கார்ந்து தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டிருந்தார். சவுண்ட் பெட்டிகளைப் பார்க்கும் சிவா என்பவர் என்னைப் பார்த்துக் கை தட்டிக் கூப்பிட்டார். அதே நேரம் கார்த்திக்கிடமிருந்து செய்தி: முழுவதும் ஏறிவிட்டது, இறக்கிக்கொள்ளுங்கள்.

சிவா முதலில் அதைத்தான் பார்த்தார். ஹோலின் வைஃபையில் அறுபது ஜிபி இறங்க நாளை காலையாகும் என்று வந்தது. நான் மனதுக்குள் பத்துப் பவுணை எண்ணிக்கொண்டு சட்டியைத் திறந்தேன். டிஸ்க் இளஞ்சூடாக, சுகமாக இருந்தது. சிவா செருகினார். பெரிய திரையில் துஷா வந்தாள். ஒரு செக்கன் அசைந்தாள். நின்றாள். இன்னும் ஒரு செக்கன். நின்றாள்.

"அண்ணை, இந்த வயருக்குள்ளாலை இவ்வளவும் வராது," என்றார் சிவா. "டாங்கி நிறையத் தண்ணி இருக்கு, பைப் சின்னன். உள்ளுக்கு கொப்பி பண்ணிப் போட்டு ஓடலாம்."

"எவ்வளவு நேரம்?"

"முக்கால் மணித்தியாலம்."

"மற்ற டிஸ்க்கும் இருக்கு..."

"அதுவும் இதே வயர்தானே அண்ணை."

கார்த்திக் அங்கே ஏற்றுவதைக் கணக்கிட்டார், இங்கே இறக்குவதைக் கணக்கிடவில்லை. நான் கொண்டுவருவதைக் கணக்கிட்டேன், கொண்டுவந்ததை ஓட்டுவதைக் கணக்கிடவில்லை. படித்தவரும் படிக்காதவனும் சமமாகத் தோற்ற நேரம் அது.

சிவா படத்தைக் கடைசிக் காட்சிக்கு இழுத்துப் பார்த்தார். திரையில் ஒரு வயதுத் துஷா. ஒரு கால் தரையில், ஒரு கால் அந்தரத்தில். ஒலிபெருக்கியில் நடராசா அண்ணை "வ்" என்றார். அதோடு நின்றது.

கதவடியில் இருபத்தெட்டு வயதுத் துஷா சேலை மடிப்பைப் பிடித்தபடி நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் சரோ அக்கா. தூரத்திலிருந்து என்னைப் பார்த்து இரண்டு புருவத்தையும் உயர்த்தினார். நான் தலையை ஆட்டினேன். அது ஆமாவா, இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. கோட் சூட் மாமா சுவர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, "பிள்ளை, நான் வாறன், கையைத் தா" என்றார். துஷா தலையை அசைத்து மறுத்தாள். திரையைப் பார்த்தபடியே நின்றாள்.

கேட்டுதே?

இப்படியான நேரங்களில் நான் செய்வது ஒன்றுதான். ரதிக்குப் போன் எடுப்பேன். அவள் ஒன்றும் தீர்த்து வைப்பதில்லை. ஏசுவாள். ஏச்சுக் கேட்டால் எனக்கு மூச்சு வரும்.

போனைக் காதில் வைத்தால் மூளைக்குக் கதிர் பாயும் என்று எனக்கு ஒரு பயம். எப்போதும் ஸ்பீக்கரில் போட்டு, கையை நீட்டி, கொதிக்கிற சட்டியைப் பிடிப்பதுபோலப் பிடித்துத்தான் பேசுவேன். ரதி எடுத்தாள். அவள் ஹலோ சொல்வதற்கு முன்னே இன்னொரு குரல் வந்தது.

"அப்பாட்டை வா. பயப்பிடாதை..."

"ரதி, அங்கை என்ன நடக்குது?"

"என்ன நடக்குது, உங்கடை ரெண்டு கலைஞர்மாரும் சண்டை. கசெட்டிலை ஒண்டும் தெளிவில்லை, எதுக்கு ஃபோர் கே எண்டு காட்டுறதுக்குக் கார்த்திக் தம்பி டெக்கைப் போட்டுவிட்டிருக்கிறார். குகன் ரீவிக்கு முன்னாலை நிண்டு கத்துறான்."

சிவா என் நீட்டிய கையைப் பார்த்தார். மைக்கைக் கழற்றிக்கொண்டு வந்து போனுக்குப் பக்கத்தில் பிடித்தார். "திருப்பப் போடச் சொல்லுங்கோ அண்ணை."

"ரதி, கசெட்டைத் திருப்பு. பிள்ளை ஸோபாவைப் பிடிச்சு எழும்புற இடத்துக்கு. போனை ரீவியடியிலை பிடி."

"ஏனப்பா?"

"ஏன் எண்டு கேளாதை."

முப்பது வருடத்தில் அவள் கேளாமல் விட்டது அந்த ஒரு தடவைதான். டெக் கசெட்டைத் திருப்புகிற உர்ர்ர் சத்தம் நானூறு பேருக்கும் கேட்டது. மேளக்காரர் தன் மேளத்தில் ஏதோ பிழை என்று குனிந்து பார்த்தார். டொக் என்று நின்றது. என் போனில் பற்றரி சிவப்பில் இருந்தது. லைன் அறுந்தால் என்ன செய்வது என்று யோசித்தேன். யோசிக்க நேரமில்லாமல் போனது.

"வா... வா..."

குரல் மெலிந்து, மூக்கால் வருவதுபோல வந்தது. ரெலிபோன் கார்ட் போட்டு ஊருக்குக் கதைத்த காலத்தில் எல்லோருடைய குரலும் இப்படித்தான் வரும்.

"அப்பாட்டை வா. பயப்பிடாதை, விழமாட்டாய். விழுந்தாலும் காப்பெட்தான்."

துஷா குனிந்து காலடியைப் பார்த்தாள். ஹோல்காரர் விரித்திருந்த சிவப்புக் காப்பெட். கண் மை கரைந்து வழிய, சத்தமாகச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே நடந்தாள். திரையில் குழந்தையின் கால் இன்னும் அந்தரத்திலேயே நின்றது. அதற்குக் கீழே அவள் நடந்து போய் மேடையில் ஏறினாள். "ஆ! வந்திட்டாள்! சரோ, பார், வந்திட்டாள்!" என்றார் நடராசா அண்ணை, சரியாக அந்த நேரத்துக்கு.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கசெட் ஓடிக்கொண்டிருந்தது. "சரோ, பற்றரி முடியப்போகுது, ஓடிப்போய்ச் சார்ஜரைக் கொண்டா."

கதவடிக் கதிரையில் அப்போதுதான் உட்கார்ந்திருந்த சரோ அக்கா பாதி எழும்பிவிட்டார். எழும்பியது தெரிந்ததும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுதாரா சிரித்தாரா என்று நான் பார்க்கவில்லை. என் கண்ணிலும் ஏதோ இருந்தது.

அடுத்து ஒலிபெருக்கியில் குகன் வந்தான். "அந்தப் பச்சையைப் பாருங்கோ, அது என்ரை கலர்!" கார்த்திக்: "அது பச்சையே இல்லப்பா, கசெட் பூஞ்சை!" பின்பு ரதி, மிகத் தெளிவாக, நானூறு பேருக்கும்: "வாயை மூடுங்கோ ரெண்டு பேரும். இஞ்சருங்கோ, கேட்டுதே? வரேக்கை சட்டியை மறந்திடாதேங்கோ. நாளைக்கு இட்லிக்கு உளுந்து ஊறுது."

ஹோல் சிரித்த சிரிப்பில் மாப்பிள்ளையின் தலைப்பாகை கழன்று விழுந்தது. மணிக்கூட்டில் நாலரைக்கு இன்னும் நேரம் இருந்தது. ராகு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

போனில் பேசுகிற குரல் எவ்வளவு வேகத்தில் போகிறது என்று பிறகு கார்த்திக்கிடம் கேட்டேன். என் பழைய மொடத்தின் கால்வாசி வேகம் போதுமாம். டிராம், டிஸ்க், இணையம் எல்லாவற்றையும் வென்றது அதுதான். ஒரு மிடறு தேத்தண்ணிக்குக்கூட நேரம் வைக்கவில்லை.

கார்த்திக் அன்றே ரதிக்குப் பத்துப் பவுணைப் போனாலேயே அனுப்பிவிட்டார். அது ஒரு செக்கனில் போய்ச் சேர்ந்தது. நான் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறேன். டிஸ்க் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது, ஓடாதது வயரின் பிழை, ஆகவே தோல்வி என்று சொல்ல முடியாது என்பது என் கட்சி. ரதி, சட்டி எங்கே என்று மட்டும் கேட்பாள்.

மூன்று டிஸ்க்கும் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. சட்டியைத்தான் ஹோலில் விட்டுவிட்டு வந்துவிட்டேன். அடுத்த நாள் போய்க் கேட்டேன், யாரோ அதில் சாம்பார் கொண்டுபோனார்களாம்.

பந்தயத்துக்குப் பத்து, சட்டிக்கு இருபத்திரண்டு. நான் ரதிக்குக் கொடுக்க வேண்டியது முப்பத்திரண்டு பவுண்.